கையில் தொழில் இருந்தால் போதுமா? வழிகாட்டியும் வேண்டும்

எங்கள் தோட்டங்களில் பயிற்சிக்கு ஒரு காலமும் குறைவிருந்ததில்லை. தையல் பயிற்சி, மெழுகுதிரிப் பயிற்சி, ஜேம் பயிற்சி, காளான் பயிற்சி என்று மாறி மாறி நடக்கிறது. இரண்டு நாள் வகுப்பு, பகல் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, லயத்துக் காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கும் வீடுகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்துப் போய் "தொழில் எப்படிப் போகுது?" என்று கேட்டால், தையல் மெசின் மேல் பழைய சேலை மூடிக் கிடக்கும். "அது சரிவரல்லைங்க ஐயா" என்பார்கள்.

ஏன் சரிவரவில்லை? பிள்ளைகளுக்குப் புத்தி இல்லையா, உழைப்பு இல்லையா? இரண்டும் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் மலை ஏறுகிற தாய் தகப்பன் பெற்ற பிள்ளைகளுக்கு உழைப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பயிற்சி கொடுத்தவர் மூன்றாம் நாள் கொழும்புக்குப் போய்விடுகிறார். தொழிலில் முதல் சிக்கல் வருவது முப்பதாம் நாள். அன்றைக்குக் கேட்க ஆளில்லை. இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது. அவரை வழிகாட்டி என்று சொல்லுவோம்.

வழிகாட்டி என்றதும் சிலர் கங்காணியை நினைத்துக்கொள்கிறார்கள். கங்காணி வேலை வாங்குவார், வழிகாட்டி கேள்வி கேட்பார். அவர் கடன் கொடுப்பவர் இல்லை, பங்காளியும் இல்லை. தானே ஒரு தொழில் நடத்தி, நட்டப்பட்டு, எழும்பி வந்த ஒருவர், புதிதாகத் தொடங்குகிற பிள்ளையோடு ஒரு வருடமோ இரண்டு வருடமோ கூட நடக்கிறார். மாதத்தில் இரண்டு முறை சந்திப்பு, இடையில் போன். சம்பளம் கிடையாது.

இது நாங்கள் கண்டுபிடித்த விசயம் அல்ல. இங்கிலாந்தில் 1976 ஆம் ஆண்டு, அப்போது இளவரசராக இருந்த சார்ள்ஸ், கடற்படையை விட்டு வந்தபோது கிடைத்த 7,400 பவுணை வைத்து வேலையில்லாத இளையவர்களுக்காக ஒரு நிதியத்தைத் தொடங்கினார். தொழில் தொடங்க வந்தவர்களுக்குப் பணத்தோடு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துக் கொடுப்பது அந்த நிதியத்தின் வழக்கமாக ஆனது. இளவரசர் நிதியம் என்று இருந்த பெயர் 2024 இல் அரசர் நிதியம் என்று மாறியது. அதைப் பார்த்து 1992 இல் இந்தியாவில் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை தொடங்கப்பட்டது. தொடங்கியவர் லட்சுமி வெங்கடேசன், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள். அங்கேயும் கடன் எடுக்கிற ஒவ்வொரு இளையவருக்கும் தொழில் அனுபவம் உள்ள ஒருவர் துணையாக வைக்கப்படுகிறார். பெரிய இடத்துக் கதைதான். ஆனால் விசயம் சின்னது. காசு மட்டும் கொடுத்தால் காசு கரைந்துவிடும் என்பதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. உயர்தரம் படித்துவிட்டு கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றவர், 2020 இல் கொரோனா வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். திரும்பிப் போக மனம் இல்லை. காளான் பயிற்சி ஒன்றுக்குப் போனார். அம்மாவின் சேமலாப நிதிக் காசில் 25,000 ரூபா எடுத்து, லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று அடித்து, 150 பொதி போட்டார். மூன்றாம் கிழமை 110 பொதிக்கு மேல் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். "ஏசியிருந்தா தாங்கியிருப்பேங்க" என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். அவர் அழுதுகொண்டு வந்தபோது நாங்கள் முதலில் நினைத்தது கடனைத்தான். எங்கேயாவது 50,000 வாங்கிக் கொடுத்தால் பிள்ளை மறுபடி எழும்பிவிடும் என்று இருந்தோம். வாரக் கட்டுக் கடன் நம் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று தெரிந்தும் அப்படி நினைத்தோம். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பெடுக்கிற அளவுக்கு நாட்டில் நிலைமை வந்திருந்தது. எங்களைத் தடுத்தவர் டவுனில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை நடத்தி, கடையை மகனிடம் விட்டுவிட்டு இருந்த முதலாளி ஒருவர். "எதனால பழுதாச்சுன்னு தெரியாம காசு குடுத்தா, அடுத்த முறையும் அதே பழுதுதான், கடனோட சேர்த்து" என்றார். நீங்களே அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள் என்று அவரையே பிடித்துக்கொண்டோம்.

அவருக்குக் காளான் பற்றி ஒன்றும் தெரியாது. அதை முதல் நாளே சொன்னார். ஆனால் தெரிந்தவர் எங்கே இருப்பார் என்று தெரியும். பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரைப் பார்க்கக் கமநல சேவை நிலையத்துக்குப் போனார். நம் ஆட்களுக்கு அந்தக் கட்டடம் கிராமத்து ஆட்களுக்கு உரியது, நமக்கில்லை என்று ஒரு எண்ணம் உண்டு. பாசைப் பயமும் உண்டு. முதலாளி சிங்களத்தில் பேச்சைத் தொடங்கிவிட்டு, பாதியில் நிறுத்தி, "மிச்சத்த நீ கேளு மகள்" என்றிருக்கிறார். தட்டுத் தடுமாறிக் கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை அந்த அலுவலகத்துக்கு அவர் தனியாகவே போனார். எங்கள் கணக்கில் இதுதான் பெரிய உதவி.

அங்கே தெரிந்த பிழைகள் மூன்று. முதலாவது மரத்தூள். இறப்பர், மாமரம் போன்ற மரத்தின் தூளில் சிப்பிக் காளான் நன்றாக வரும். மலைநாட்டு மர ஆலைகளில் அதிகம் அறுப்பது பைன், டர்பன்டைன். பிசினும் எண்ணெயும் உள்ள அந்தத் தூளில் வித்து ஓடாது. அவர் கிட்ட இருக்கிற ஆலையில் மலிவாகக் கிடைத்த கலப்புத் தூளை அள்ளியிருந்தார். இரண்டாவது ஈரம். கலவையைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அவருடையது சொட்டியது. மூன்றாவது அவித்தது போதாது. பெரலில் ஆவி வந்த பிறகு 2 மணித்தியாலத்துக்கு மேல் விட வேண்டும். விறகு தட்டுப்பாட்டில் ஒரு மணித்தியாலத்தோடு இறக்கிவிட்டார். கலவை அளவு சரியாகத்தான் இருந்தது: 10 கிலோ தூளுக்கு 1 கிலோ தவிடு, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 100 கிராம் சோயா மா அல்லது பயற்றம் மா, 20 கிராம் எப்சம் உப்பு. பயிற்சியில் இதைப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்கள். மற்ற மூன்றும் செய்து பிழைத்தால்தான் புத்தியில் ஏறும்.

அடுத்து 300 பொதி. நன்றாக வந்தது. அந்தப் பிள்ளை சந்தோசமாக முதலாளியிடம் கணக்குச் சொன்னார். ஒரு பொதிக்குத் தூள், தவிடு, பை, வளையம், வித்து எல்லாம் 45 ரூபா, ஆக 13,500. கிடைத்த காளான் 75 கிலோ, 200 கிராம் பக்கற்றாக 375. பக்கற் 70 ரூபா, 26,250. இலாபம் 12,750 ரூபா!

முதலாளி சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பக்கற்றுக்குப் பெட்டி, ஸ்டிக்கர்? 6 ரூபாப்படி 2,250. டவுனுக்கு பஸ்? கிழமைக்கு இரண்டு முறை, 12 கிழமைக்கு 24 பயணம், 120 ரூபாப்படி 2,880. விறகு? 1,500. விற்காமல் வாடிப்போனது? 37 பக்கற், 2,590. எல்லாம் கழித்தால் மிச்சம் 3,530 ரூபா.

"உன்ட பேர் எங்க மகள்?" என்று கடைசியில் கேட்டாராம். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. ஒரு நாளைக்கு 2 மணித்தியாலப்படி 90 நாள் வேலை. 8 மணித்தியாலத்தை ஒரு பேராக எடுத்தால் இருபத்திரண்டரைப் பேர். 3,530 ஐ அதால் பிரித்தால் ஒரு பேருக்கு 157 ரூபா. அந்த வருடம், 2021 இல், தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக ஆக்கப்பட்டிருந்தது.

வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் நடக்கிற கைத்தொழில், கோழி வளர்ப்பு, பால்மாடு, மரக்கறித் தோட்டம் எல்லாவற்றிலும் இதே பிழை இருக்கிறது. நம் உழைப்பை நாம் செக்ரோலில் ஏற்றுவதே இல்லை. துரை ஒரு பேரைக் குறைத்துப் போட்டால் சண்டைக்குப் போகிறோம். வீட்டுத் தொழிலில் நமக்கு நாமே இருபது பேரை வெட்டுகிறோம், தெரிவதில்லை.

முதலாளி இதைக் கேட்டுவிட்டுத் தொழிலை விடச் சொல்லவில்லை. எந்த எண்ணை அசைக்கலாம் என்று கேட்டார். அதற்குப் பதிலை அவர் கொடுக்கவில்லை, பிள்ளைதான் ஒரு கிழமை யோசித்துக்கொண்டு வந்தார். டவுனுக்கு வாரத்தில் ஒரு பயணம் போதும். அதற்கு முதல் நாள் கடைகளுக்குப் போன் எடுத்து எத்தனை பக்கற் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பறித்தால் வாடுவது குறையும். மிச்சத்தைத் தோட்டத்திலேயே, லயங்களிலும் ஸ்டாப் குவார்ட்டர்ஸ்களிலும் 60 ரூபாவுக்குக் கொடுக்கலாம், பஸ் காசு இல்லை. சம்பளம் போடுகிற பத்தாம் திகதியை ஒட்டி அதிகம் வெட்டுகிற மாதிரிப் பொதிகளைத் திறக்கலாம். இந்தக் கடைசி யோசனை முதலாளிக்கே வந்திராது, தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் வரும்.

அடுத்த முறை 400 பொதி, 500 பக்கற். டவுனில் 400, தோட்டத்தில் 100 என்று கணக்குப் போட்டால் 34,000 ரூபா. அதில் 20 பக்கற் வாடியது 1,360. பொதிச் செலவு 18,000, பெட்டி ஸ்டிக்கர் 3,000, பஸ் 1,440, விறகு 1,800. கையில் 8,400. வேலையும் பழகிப்போய் ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்ததால் 17 பேர்தான். ஒரு பேருக்கு 494 ரூபா. இன்னும் தோட்டச் சம்பளத்தில் பாதியும் வரவில்லை. அந்தக் கொப்பியை எங்களிடம் காட்டியபோது அந்தப் பிள்ளை வெட்கப்படவில்லை. "இன்னும் பாதி தூரம் இருக்குங்க" என்றார். 12,750 ரூபா இலாபம் என்று நினைத்துக்கொண்டு இருந்தவர் எங்கே, இவர் எங்கே.

தொழில் நின்று பிடிப்பது என்றால் காசு மட்டும் இல்லை. இடமும் நிற்க வேண்டும். தொழிலுக்குப் பெயர் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போனால், தொழில் நடக்கும் இடம் யாருடையது என்று கேட்பார்கள். லயம் தோட்டத்துடையது. கொட்டிலோ கேட்காமல் அடித்தது. நல்ல வேளையாக அது பிரச்சினையாகும் முன்னால் முதலாளி எங்களிடம் வந்தார், நாங்கள் துரையிடம் போனோம். இடத்தைப் பாவிக்கச் சம்மதக் கடிதம் கிடைத்தது. தேயிலைக்கு இடைஞ்சல் இல்லாமல், கானை அடைக்காமல் கொட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்கள், தள்ளிப் போட்டார். கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு தகரம் வாங்குங்கள் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

பொதி செய்து விற்கிற உணவுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. பொருளின் பெயர், தேறிய நிறை, செய்தவர் பெயர், விலாசம், செய்த திகதி, முடிவுத் திகதி இவை ஸ்டிக்கரில் வேண்டும். விலாசம் என்ற இடத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள். லயத்துக்கு இலக்கம் இல்லாத இடங்கள் எத்தனை! தோட்டத்தின் பெயர், டிவிசன், தபால் கந்தோர் என்று எழுதினார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளிக்காமல், அவரைக் கூப்பிட்டுக் கொட்டிலைக் காட்டச் சொன்னதும் முதலாளிதான். "பிடிக்க வாறவர நீயே கூப்பிட்டா அவர் உனக்கு வாத்தியார்" என்றார். பரிசோதகர் வந்து கை கழுவும் இடத்தையும் பக்கற் போடும் மேசையையும் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

கழிவு விசயமும் இருக்கிறது. வெட்டி முடிந்த பொதிகளைக் கானில் எறிந்தால் மழைக்கு எல்லாம் ஆற்றுக்குத்தான் போகும். பையைக் கிழித்து, உள்ளே இருக்கிற தூளைச் சாணத்தோடு குவித்தால் நல்ல கூட்டெரு. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்ட மாதங்களில் மரக்கறி போடுகிறவர்கள் வீடு தேடி வந்து அதைக் கேட்டார்கள். தடை அந்த வருடம் நவம்பரில் எடுபட்ட பிறகும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். வெறும் பைகளுக்குத்தான் நல்ல வழி இல்லை. கழுவிச் சாக்கில் கட்டி வைத்து, பழைய பிளாஸ்டிக் எடுக்க வருகிறவரிடம் கொடுக்கிறார், அவரும் எல்லா முறையும் எடுப்பதில்லை. விறகுக்குக் கவாத்து வெட்டிய மிலாறைத் தோட்டத்தில் கேட்டு எடுக்கிறார்.

வழிகாட்டி என்று வருகிற எல்லோரும் நல்லவர் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேறொரு இடத்தில், வழிகாட்ட வந்தவரே பொருளை மலிவாக வாங்கிப் பெரிய விலைக்கு விற்றதைப் பார்த்திருக்கிறோம். வழிகாட்டியும் கொள்வனவாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு தீர்மானித்தோம். எங்கள் முதலாளி தன் மகனுடைய கடைக்குக்கூட அந்தப் பிள்ளையின் காளானை முதல் ஒரு வருடம் எடுக்கவில்லை. இன்னொரு வகை, எல்லாவற்றையும் தானே செய்து கொடுத்துவிடுகிறவர். அவர் ஒரு மாதம் வராவிட்டால் தொழில் படுத்துவிடும். கைமாற்று, கொமிசன் என்று பேச்செடுத்தால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர் கேட்க வெட்கப்படுகிற ஒரு கேள்வியும் உண்டு. வயதுக்கு வந்த பிள்ளையை வெளி ஆம்பிளை ஒருவரோடு எப்படி விடுவது? நியாயமான கேள்விதான். எங்கள் ஒழுங்கு இது: சந்திப்பு வீட்டில் இல்லை, கடையில் இல்லை, பிள்ளைக் காம்பரா விறாந்தையில், பகலில், அம்மாவோ அண்ணியோ கூட இருக்க வேண்டும். இதை முதலில் சொன்னவரும் முதலாளிதான். பெண் வழிகாட்டிகளையும் தேடிக்கொண்டிருக்கிறோம். டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா சம்மதித்திருக்கிறார்.

2022 இல் எல்லாருக்கும் வந்த கஷ்டம் அவருக்கும் வந்தது. எண்ணெய் இல்லை, பஸ் கட்டணம் திரும்பத் திரும்பக் கூடியது, மரத்தூள் கொண்டுவந்த லொறி நின்றது. முன்னைய கொப்பியே கைகொடுத்தது. எந்தச் செலவு எவ்வளவு கூடினால் நட்டம் தொடங்கும் என்று அதில் பார்த்து, பொதியை 150 ஆகக் குறைத்து, டவுனை விட்டுவிட்டு, நடந்து போகக்கூடிய மூன்று தோட்டங்களில் மட்டும் விற்றார். அந்தக் காலத்தில் முதலாளிக்குச் சுகமில்லை, போனில்கூட அதிகம் பேச முடியவில்லை. அந்த முடிவை அவர் தனியாகத்தான் எடுத்தார். லொறி திரும்ப ஓடத் தொடங்கியதும் மறுபடி 400 க்கு வந்தார். இப்போது வித்துப் போட்ட பொதியையே தயாரித்து, மேல் டிவிசனில் ஏழு வீட்டுக்குக் கொடுக்கிறார். அவர்கள் தண்ணீர் தெளித்து வெட்டுகிறார்கள். மார்கழி, தை மாதக் குளிரில் காளான் மெதுவாகத்தான் வரும், பொதியைச் சாக்கால் மூடுங்கள் என்று அந்த ஏழு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் 25,000 ரூபாவைப் போன வருடம் திரும்ப வங்கியில் போட்டுவிட்டார்.

சொந்தத் தொழில் செய்கிற, அல்லது தொடங்க நினைக்கிற பிள்ளைகள் சம்பளத்துக்குப் பிந்திய முதல் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். சான்றிதழ் தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில், கடைசி ஒரு மாதம் தொழிலுக்குச் செலவழித்ததையும், செலவழித்த நேரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத வராவிட்டால் தம்பி தங்கச்சியிடம் சொல்லி எழுதுங்கள். வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.